கொடியும் கொழுகொம்பும்

தமிழில் ‘கொடி’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. காற்றில் அசைந்தாடும் துணியும் கொடி. பற்றிப் படரும் செடியும் கொடி. படர்கொடி தானே நிமிர்ந்து நிற்க வல்லதன்று. அதற்கொரு கொழுகொம்பு வேண்டும். பற்றுக்கோடின்றித் தவித்த முல்லைக்குப் பாரி தன் தேரையே கொழுகொம்பாக ஈந்தான் என்பது நாம் மாணவர்க்கு ஆண்டுதோறும் சொல்லிவரும் செய்தி. நாட்டுக் கொடியின் நிலையும் அதுவே. அது கம்பத்தில் பறப்பதாகக் கண் சொல்லுகிறது. ஆனால் அது பற்றி நிற்பது கம்பத்தையன்று, மக்களின் மனத்தை.

மூவேந்தர் காலத்தில் கயலும் வில்லும் புலியும் கொடியில் பறந்தன. அவை அரசர்களின் கொடிகள். அவற்றின்கீழ் மக்கள் குடிகளாக நின்றார்கள். குடியாட்சிக் காலத்துக் கொடியோ குடிமக்களுடையது. அக்கொடிக்குப் பக்கத்தில், கடந்த நூறாண்டுகளுக்கு மேலாக, இன்னொரு சின்னமும் வளர்ந்து வந்திருக்கிறது. அது கால்பந்துக் கழகத்தின் சட்டை. ஒரு நகரத்தார் தம் கழகத்தின் வண்ணத்தைத் தம் மானத்தின் வண்ணமாகக் கொள்வதையும், ஒரு நாட்டார் தம் அணியின் வெற்றியைத் தம் நாட்டின் வெற்றியாகக் கொண்டாடுவதையும் உலகெங்கும் காண்கிறோம்.

கால்பந்துக்கு மட்டும் இவ்வாற்றல் எங்ஙனம் வாய்த்தது? அது எளியோரின் ஆட்டம். ஒரு பந்தும் ஒரு திடலும் போதும், வெறுங்காலாலும் ஆடலாம். களத்தில் இருபத்திருவர் ஆடக் கரையில் பல்லாயிரவர் ஒரே குரலில் முழங்கலாம். பொதுக்கூட்டத்தைத் தடுக்கும் அரசும் பந்தயத்தைத் தடுக்கத் தயங்கும். எனவே வாய் திறக்க வழியில்லாத மக்கள் ஆடுகளத்தின் கரையில் வாய் திறந்தார்கள்.

இச்சின்னங்கள் மக்களைச் சேர்ப்பதற்கு உரியவையா, மக்களை அளப்பதற்கு உரியவையா என்பதே இக்கட்டுரையில் நாம் எழுப்பும் வினா. இது வெறும் விளையாட்டுச் செய்தியன்று. நம் மாணவச் செல்வங்களின் நாளைய வாழ்வோடு தொடர்புடையது.

நாடு பிறக்குமுன் பிறந்த அணி

1945ஆம் ஆண்டு மே 8ஆம் நாள். இரண்டாம் உலகப் போரில் செருமனி பணிந்த செய்தி கேட்டு ஐரோப்பா மகிழ்ந்திருந்தது. அன்று பிரெஞ்சு ஆட்சியின் கீழிருந்த அல்ஜீரியாவின் செத்தீஃப் நகரில் மக்கள் ஊர்வலம் சென்றார்கள். பச்சையும் வெள்ளையும் கலந்து, செம்பிறையும் விண்மீனும் பொறித்த அல்ஜீரியக் கொடியை ஓர் இளைஞர் ஏந்திச் சென்றார். காவலர் சுட்டதில் அவர் உயிரிழந்தார். அதனைத் தொடர்ந்த கலவரத்திலும் ஒடுக்குமுறையிலும் ஆயிரக்கணக்கான அல்ஜீரியர்கள் மாண்டார்கள்.

அதே செத்தீஃப் நகரில் 1936இல் பிறந்தவர் ரஷீத் மெக்லூஃபி. அப்போது அவர் எட்டு வயதுச் சிறுவர். பின்னர் பிரான்சுக்குச் சென்று சேன்ட் எத்தியென் கழகத்தின் புகழ்பெற்ற ஆட்டக்காரரானார்; பிரான்சு நாட்டு அணியிலும் ஆடினார். 1958இல் சுவீடனில் நடைபெறவிருந்த உலகக் கோப்பைக்கு அவரையும், மொனாக்கோ கழகத்தின் முஸ்தஃபா ஜைத்தூனியையும் அழைத்துச் செல்லப் பிரான்சு எண்ணியிருந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் இவ்விருவரும் பிற அல்ஜீரிய ஆட்டக்காரர் சிலரும் பிரான்சை விட்டு மறைவாக வெளியேறித் துனிஸ் நகரை அடைந்தார்கள். அப்போது மெக்லூஃபி பிரெஞ்சுப் படையில் கட்டாயப் பணியில் இருந்தவர். அவர் துறந்தது புகழை மட்டுமன்று, பாதுகாப்பையுமாகும்.

விடுதலைப் போரை நடத்திவந்த தேசிய விடுதலை முன்னணியின் பெயரால் அவர்கள் ஓர் அணி அமைத்தார்கள். நாடு இன்னும் பிறக்கவில்லை. நாட்டின் அணி பிறந்துவிட்டது. உலகக் கால்பந்துக் கூட்டமைப்பாகிய ஃபிஃபா அவ்வணியை ஏற்க மறுத்தது. எனினும் அரபு நாடுகள், கிழக்கு ஐரோப்பா, சீனா, வியட்நாம் எனப் பல நிலங்களில் அவர்கள் ஆடினார்கள். சென்ற இடமெல்லாம் அல்ஜீரியக் கொடி ஏறியது. தூதரகம் இல்லாத நாட்டுக்கு அவ்வணியே தூதரகம். 1962 சூலையில் அல்ஜீரியா விடுதலை பெற்றது.

இவ்வரலாற்றின் பின்பகுதி பெரிதும் பேசப்படுவதில்லை. விடுதலைக்குப் பின் மெக்லூஃபி மீண்டும் சேன்ட் எத்தியென் கழகத்துக்கே திரும்பினார். அவ்வூர் மக்கள் அவரை ஏற்றுக்கொண்டார்கள். 1968இல் பிரெஞ்சுக் கோப்பையின் இறுதியாட்டத்தில் அக்கழகத்தின் இரண்டு கோல்களையும் அடித்து வெற்றி தேடித் தந்தவர் அவரே. 1982 உலகக் கோப்பையில் அல்ஜீரியா மேற்கு செருமனியை 2–1 என வென்றபோது அவர் அல்ஜீரிய அணியின் பயிற்சியாளர்களுள் ஒருவர். 2024 நவம்பரில் அவர் மறைந்தார். தம் மக்களின் கொடிக்காக எல்லாவற்றையும் துறந்த ஒருவர், பிறர் ஊரின் சட்டையையும் உண்மையோடு அணிய முடிந்தது. பற்றுக்குப் பகை இன்றியமையாததன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

தடை செய்யப்பட்ட வண்ணங்கள்

நாடு பிறவாத நிலையில் ஓர் அணி கொடியானதைக் கண்டோம். தம் கொடியும் மொழியும் தடைப்பட்ட நிலையில் ஒரு கழகம் அவற்றுக்குப் புகலிடமானதைச் ஸ்பெயின் நாட்டில் காண்கிறோம். தமிழ்த்துறையினராகிய நாம் இதனைக் கூர்ந்து நோக்குதல் தகும்.

1925 சூனில் பார்சிலோனாக் கழகத்தின் ஆடுகளத்தில் ஸ்பெயின் அரசின் பண் இசைக்கப்பட்டபோது திரண்டிருந்த கத்தலான் மக்கள் சீழ்க்கையடித்து எதிர்ப்புக் காட்டினார்கள். ஆடுகளத்தை ஆறு மாதம் மூடுமாறு ஆணை பிறந்தது. 1936இல் உள்நாட்டுப் போர் தொடங்கிய சில வாரங்களில் அக்கழகத்தின் தலைவர் சோசப் சுன்யோல் பிராங்கோவின் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார். பிராங்கோவின் ஆட்சி நிலைபெற்றபின் கத்தலான் மொழி பொதுவாழ்விலிருந்து விலக்கப்பட்டது. கழகத்தின் பெயரும் ஸ்பானிய வடிவுக்கு மாற்றப்பட்டது. கழகச் சின்னத்தில் இருந்த கத்தலான் கொடியின் நான்கு செங்கோடுகள் இரண்டாகக் குறைக்கப்பட்டன. 1949இல் கழகத்தின் ஐம்பதாம் ஆண்டில்தான் அவை திரும்ப வந்தன.

இரண்டு கோடுகளை அழிக்க ஓர் அரசு ஏன் முனைய வேண்டும்? கோடுகள் சிறியவை, அவற்றைப் பார்க்கும் கண்களில் எழும் நினைவு பெரிது என்பதை அவ்வரசு அறிந்திருந்தது. தெருவில் பேச இயலாத தாய்மொழியை மக்கள் ஆடுகளத்தின் ஆரவாரத்தில் பேசினார்கள். கழகம் என்பதற்கு மேற்பட்ட கழகம் என்று பார்சிலோனா தன்னைக் கூறிக்கொள்வது இவ்வரலாறு பற்றியே.

வடபுலத்துப் பாஸ்க் மக்களின் கதை இன்னும் நுட்பமானது. 1975 நவம்பரில் பிராங்கோ மறைந்தார். பாஸ்க் கொடியின் மீதிருந்த தடை மறையவில்லை. 1976 திசம்பர் 5ஆம் நாள் சான் செபாஸ்தியன் நகரில் ரியல் சொசியதாத், அத்லெட்டிக் பில்பாவோ என்னும் இரு பாஸ்க் கழகங்கள் மோதின. நெடுநாள் போட்டியாளர்கள் அவர்கள். ஆட்டத்துக்கு முன் இரு அணித்தலைவர்களும், கொர்த்தபர்ரியாவும் இரிபாரும், தடை செய்யப்பட்ட அக்கொடியை ஆளுக்கொரு புறம் பற்றிக்கொண்டு களத்தின் நடுவே வந்து வைத்தார்கள். அக்கொடியைத் தைத்தவர் ஆட்டக்காரர் ஒருவரின் உடன்பிறந்தாள் என்பர். அடுத்த மாதமே, 1977 சனவரியில், தடை நீங்கிற்று. பிறகு ஆட்டம் வழக்கம்போல் கடுமையாக நடந்தது. ரியல் சொசியதாத் 5–0 என வென்றது. போட்டி போட்டியாகவே இருந்தது. கொடி இருவர்க்கும் பொதுவாக இருந்தது. இவ்விரண்டையும் பிரித்தறியும் தெளிவே நமக்கு வேண்டுவது.

கல்கத்தாவின் மூன்று கழகங்கள்

இனி நம் நாட்டுக்கு வருவோம். இந்தியாவில் கால்பந்து நாட்டுணர்வின் மொழியானது கல்கத்தா மாநகரில். அங்கே 1889இல் மோகன் பகான் கழகமும், 1891இல் முகமதன் ஸ்போர்ட்டிங் கழகமும், 1920இல் ஈஸ்ட் பெங்கால் கழகமும் தோன்றின.

1911 சூலை 29ஆம் நாள் மோகன் பகான் அணி ஐ.எஃப்.ஏ. கேடயத்தின் இறுதியாட்டத்தில் கிழக்கு யார்க்சயர் என்னும் ஆங்கிலப் படைப்பிரிவின் அணியை 2–1 என வென்றது. ஆடிய பதினொருவருள் பதின்மர் வெறுங்காலர். காலணி அணிந்தவர் சுதீர் சட்டர்ஜி என்னும் கிறித்தவர் ஒருவரே. வென்று திரும்புகையில் ஒரு முதியவர் வில்லியம் கோட்டையின் மேல் பறந்த ஆங்கிலக் கொடியைச் சுட்டிக்காட்டி, அது எப்போது இறங்கும் என்று வினவியதாக ஒரு கதை வங்காளத்தில் வழங்குகிறது. கதை மெய்யோ புனைவோ, அதனுள் ஓர் உண்மை இருக்கிறது. இந்தியா முழுவதற்கும் ஏற்புடைய ஒரு கொடி அன்று இல்லை. இல்லாத அக்கொடியின் இடத்தில் பச்சையும் அரக்கும் கலந்த ஒரு சட்டை நின்றது.

1934இல் முகமதன் ஸ்போர்ட்டிங் கழகம் கல்கத்தா லீக் பட்டத்தை வென்றது. அப்பட்டத்தை வென்ற முதல் இந்தியக் கழகம் அதுவே. 1938 வரை தொடர்ந்து ஐந்தாண்டுகள் அப்பட்டத்தைத் தன்னிடமே வைத்திருந்தது. 1936இல் ஐ.எஃப்.ஏ. கேடயத்தையும், 1940இல் தில்லியில் டூராண்ட் கோப்பையையும் வென்றது. பெங்களூர் முதலிய தொலைநகரங்களிலிருந்தும் ஆட்டக்காரர்களைத் திரட்டியதும், மழைச் சேற்றில் காலணி அணிந்து ஆடப் பழகியதும் அவ்வெற்றிக்குரிய காரணங்களாகக் கூறப்படுகின்றன. கல்வியிலும் பதவியிலும் பின்தங்கி நின்ற ஒரு சமுதாயம் தன்னாலும் இயலும் என்று தலைநிமிர்ந்த காலம் அது. ஆனால் அக்காலம் சமயப் பூசல் முற்றிவந்த காலமுமாகும். கறுப்பு வெள்ளைச் சட்டையின் வெற்றியை இந்தியரின் வெற்றி என்று காணாமல் ஒரு சாராரின் வெற்றியென்று கொண்டாடியவரும் உண்டு. ஒரு சாராரின் வெற்றியென்று வெறுத்தவரும் உண்டு. இரு தரப்பாரும் சேர்ந்தே அச்சட்டையைச் சுருக்கினார்கள்.

மூன்றாவது கழகத்தின் செய்தி நெஞ்சை நெகிழ்விப்பது. 1947இல் நாடு பிளவுண்டபோது கிழக்கு வங்காளத்திலிருந்து வீடிழந்து, நிலமிழந்து, உற்றாரை இழந்து கல்கத்தா வந்த ஏதிலியர்க்கு ஈஸ்ட் பெங்கால் கழகமே இழந்த ஊரின் நினைவாயிற்று. அவர்கள் உள்ளத்தில் கசப்பு நிறைந்திருந்திருக்க வேண்டும். அதற்குக் காரணமும் இருந்தது. 1949 முதல் 1953 வரை அக்கழகத்தின் முன்னணி ஆட்டக்காரர் ஐவரை அம்மக்கள் ‘பஞ்ச பாண்டவர்’ என்று பெயரிட்டுப் போற்றினார்கள். அவ்வைவர் அகமது கான், சாலே, அப்பாராவ், வெங்கடேஷ், தன்ராஜ் ஆகியோர். ஐவரும் தென்னாட்டவர். ஒருவரும் வங்காளியர் அல்லர். இருவர் முஸ்லிம்கள். பிரிவினையின் புண் ஆறாத மக்கள் இரண்டு முஸ்லிம் இளைஞர்களைப் பாண்டவர் என்று அழைத்துத் தோளில் சுமந்தார்கள். மேடைகள் பல பேசிச் செய்ய முடியாததை ஒரு சட்டை செய்து முடித்தது. சின்னம் மக்களைச் சேர்க்கும்போது அது எட்டும் உயரம் இதுவே.

கொடி தடியாகும்போது

சேர்ப்பதற்குரிய சின்னம் பிரிப்பதற்குரியதாக மாறுவதும் உண்டு. கொடியின் துணி கிழிந்தால் எஞ்சுவது தடி.

1990 மே 13ஆம் நாள் யுகோஸ்லாவியாவின் சாக்ரப் நகரில் டினமோ சாக்ரப் கழகமும் பெல்கிரேடின் செவ்விண்மீன் கழகமும் ஆடவிருந்தன. முன்னது குரோவாசியரின் பெருமை. பின்னது செர்பியரின் பெருமை. கரையில் மூண்ட கைகலப்பில் ஆட்டம் நின்றது. டினமோவின் அணித்தலைவர் போபன் ஒரு காவலரை உதைத்த காட்சி குரோவாசியரிடையே வீரச்செயலாகப் போற்றப்பட்டது. உதைபட்டவர் செர்பியர் என்றே பலரும் எண்ணினார்கள். அவர் போஸ்னிய முஸ்லிம் என்பது பின்னர்த் தெரியவந்தது. சட்டையை மட்டும் பார்த்துப் பகைவரைத் தேடுவோர்க்கு மனிதரின் முகம் தெரிவதில்லை.

அத்தோடு நிற்கவில்லை. செவ்விண்மீன் கழகத்தின் ரசிகர் கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய ‘அர்க்கான்’ என்பான் அவர்களிலிருந்தே ஆள்திரட்டி ஓர் ஆயுதக் குழுவை அமைத்தான். 1992 ஏப்ரலில் போஸ்னியாவின் பியெலினா நகரில் முஸ்லிம் குடிமக்களைக் கொன்று குவித்தது அக்குழுவே. நேற்றுவரை கோலுக்கு முழங்கியவர்கள் இன்று துப்பாக்கி ஏந்தினார்கள். கழகம் தீமையைப் பிறப்பித்தது என்று நாம் கூறவில்லை. அயலானைப் பகைவனாகக் காணும் பயிற்சி வாரந்தோறும் அங்கே நடந்தது. போர் வந்தபோது அப்பயிற்சி பயன்படுத்திக்கொள்ளப்பட்டது.

நம் மண்ணும் இதற்கு விலக்கன்று. 1980 ஆகஸ்டு 16ஆம் நாள் கல்கத்தா ஈடன் தோட்டத்தில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் அணிகள் ஆடியபோது எழுந்த கலவரத்தின் நெரிசலில் 16 ரசிகர்கள் மாண்டார்கள். ஆயினும் அந்நகரம் அந்நாளைப் பழிவாங்கும் நாளாக ஆக்கவில்லை. ஆண்டுதோறும் அந்நாளில் குருதிக்கொடை முகாம் நடத்துவதை வழக்கமாக்கிக் கொண்டது. சிந்திய குருதிக்கு ஈடாகக் குருதி வழங்கும் அப்பண்பாடு வணங்கத்தக்கது.

துனிஸ் நகரில் 1332இல் பிறந்த வரலாற்றறிஞர் இப்னு கல்தூன், அரசுகள் எழுவதற்கும் வீழ்வதற்கும் ‘அஸபிய்யத்’ என்னும் குழுப்பற்றே அடிப்படை என்று விளக்கினார். அச்சொல்லையே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள் என்பதையும் நாம் அறிவோம். இவ்விரண்டும் முரண் அல்ல. தம் மக்களை நேசிப்பது அஸபிய்யத் ஆகாது, தம் மக்கள் செய்யும் அநீதிக்குத் துணைபோவதே அஸபிய்யத் ஆகும் என்ற கருத்தில் அமைந்த நபிமொழி ஒன்று ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளது. கொடிக்கும் கழகத்துக்கும் இதைவிடத் தெளிவான எல்லைக்கோட்டை வகுக்க இயலாது.

கைதட்டலை எடைபோடுவோர்

அநீதி எப்போதும் ஆயுதத்தோடு வருவதில்லை. சில வேளைகளில் ஒரு வினாவாக வரும். 1990 ஏப்ரலில் இங்கிலாந்தின் முன்னாள் அமைச்சர் நார்மன் டெபிட், ஆசிய நாடுகளிலிருந்து குடியேறியோர் கிரிக்கெட்டில் எந்த அணிக்குக் கைதட்டுகிறார்கள் என்பதைக் கொண்டு அவர்களின் பற்றை அறியலாம் என்றார். வரி செலுத்துவதும், மருத்துவமனையில் இரவெல்லாம் கண்விழித்துப் பணிபுரிவதும், பேருந்து ஓட்டுவதும் பற்றுக்குச் சான்றாகவில்லை. கைதட்டல் மட்டும் சான்றாயிற்று!

செருமனியில் பிறந்து, 2014இல் அந்நாட்டுக்கு உலகக் கோப்பை வென்று தந்த அணியில் ஆடியவர் மெசூத் ஓசில். துருக்கி வழிவந்த குடும்பத்தவர். 2018இல் துருக்கி அதிபரோடு படமெடுத்துக் கொண்டமைக்காகக் கடுங்கண்டனத்துக்கு ஆளானார். அச்செயலைக் குறை கூற எவர்க்கும் உரிமை உண்டு. ஆனால் அவ்வாண்டு செருமனி தோற்றபோது தோல்வியின் சுமையும் அவர் பிறப்பின் மேலேயே ஏற்றப்பட்டது. வென்றால் செருமானியர், தோற்றால் வந்தேறி என்று தாம் நடத்தப்படுவதாகக் கூறிச் சூலை மாதத்தில் அவர் நாட்டு அணியிலிருந்து விலகினார்.

நம் நாட்டிலும், ஒரு பந்தயம் முடிந்த இரவில் எந்தத் தெருவில் வெடிச்சத்தம் கேட்டது என்று கணக்கெடுப்போர் இருக்கிறார்கள். நம் மாணவரும் ஒருநாள் அவ்வினாவை எதிர்கொள்ள நேரலாம். அப்போது சினம் கொள்ளவும் வேண்டா. கூனிக் குறுகவும் வேண்டா. வரலாற்றை விடையாகச் சொல்லுங்கள்.

1948 இலண்டன் ஒலிம்பிக்கில் விடுதலை பெற்ற இந்தியாவின் மூவண்ணக் கொடியை முதன்முதலாக ஏந்திச் சென்றவர் கால்பந்து அணியின் தலைவர் தலிமெரன் ஆவோ. நாகர் மலையிலிருந்து வந்த மருத்துவர் அவர். பிரான்சை எதிர்த்து இந்தியாவின் கோலை அடித்தவர் சாரங்கபாணி இராமன். அவ்வணியில் ஆடியவர்களுள் ஒருவர், பின்னர்ப் ‘பாண்டவர்’ எனப் பெயர்பெற்ற அகமது கான்.

ஐதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்த சையது அப்துல் ரஹீம் 1950 முதல் இந்திய அணியின் பயிற்சியாளர். அவர் காலத்தில் 1951 ஆசிய விளையாட்டில் இந்தியா தங்கம் வென்றது. 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றது. 1962இல் புற்றுநோய் உடலைத் தின்றுகொண்டிருந்த நிலையிலும் அணியை ஜகார்த்தாவுக்கு அழைத்துச் சென்றார். அரசியல் காரணங்களால் அங்கே இந்தியர் மீது கடுஞ்சினம் மூண்டிருந்தது. அணி களமிறங்கியபோது கூச்சல் எழுந்தது. செப்டம்பர் 4ஆம் நாள் இறுதியாட்டத்தில் தென் கொரியாவை இந்தியா 2–1 என வென்றது. கோலடித்தவர்கள் வங்காளத்துப் பி. கே. பானர்ஜியும், தலைக்காயத்தோடு ஆடிய பஞ்சாபின் ஜர்னைல் சிங்கும். நம் தமிழ்ப் பெயர் தாங்கிய பீட்டர் தங்கராஜும் அவ்வணியின் கோல்காப்பாளர். ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா அதன்பின் தங்கம் வென்றதில்லை. அடுத்த ஆண்டு சூனில் ரஹீம் மறைந்தார். அவருடைய பற்றை எந்தத் தராசில் நிறுப்பது?

கேரளத்தில் உலகக் கோப்பைக் காலத்தில் அர்ஜென்டினா, பிரேசில், போர்ச்சுகல் கொடிகள் தெருவெங்கும் பறக்கும். 2022 நவம்பரில் அங்குள்ள சமஸ்தா அமைப்பைச் சார்ந்த கதீபுமார்களின் குழு, வீண் செலவையும் தொழுகையை மறக்கும் வெறியையும் கண்டித்ததோடு, முன்னாளில் நம் கடற்கரையைச் சூறையாடிய போர்ச்சுகலின் கொடியை ஏற்றுவது தகுமா என்றும் வினவியது. வீண் செலவு பற்றிய அக்கவலை நியாயமானது. பெரியோர் சொல்லைப் புறந்தள்ளலாகாது. மரைக்காயர்களின் குருதி படிந்த கடலோர வரலாற்றை மறப்பதும் தவறே. ஆயினும், ஓர் ஆட்டக்காரனின் திறத்தை வியந்து ஏற்றும் கொடி அடிபணிதல் ஆகாது என்றே நாம் கருதுகிறோம். அன்பு அளந்து ஊற்றும் எண்ணெயன்று. ஓரிடத்தில் ஊற்றினால் மற்றோரிடத்தில் குறைந்துபோவதில்லை. பிரேசிலை வியக்கும் இளைஞனிடம் அந்த உண்மையை ஏற்கும் நாம், பிறிதோரிடத்தில் மட்டும் கைதட்டலை எடைபோடுவது நேர்மையாகாது.

மூவண்ணக் கொடியை மதித்தல் அரசமைப்பு நமக்கு விதித்த கடமை. அக்கொடியை மதிப்போடு ஏற்றுவது குடிமகனின் உரிமை என்று 2004இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்திருக்கிறது. கடமை அனைவர்க்கும் பொது. உரிமையும் அனைவர்க்கும் பொது. அதனை ஒருவர் மற்றவரிடம் காட்டித் தேர்வு வைக்க எவர்க்கும் தனியுரிமை இல்லை.

மாற்றான் கொடியைக் காத்தோர்

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வறுமையால் குடியேறிய ஐரிஷ் கத்தோலிக்கரின் பசி தீர்க்க 1887இல் தொடங்கப்பட்டது செல்டிக் கழகம். முகமதன் ஸ்போர்ட்டிங் கழகத்தின் முகமது சலீம் 1936இல் அங்குச் சென்று, காலில் துணிக்கட்டு மட்டும் சுற்றிக்கொண்டு செல்டிக் சட்டையில் ஆடி வியக்க வைத்தது இனிய வரலாறு. அக்கழகத்தின் ஆடுகளத்தில் அயர்லாந்துக் கொடி பறந்தது. கலவரம் ஒன்றைக் காரணங்காட்டி 1952இல் ஸ்காட்லாந்துக் கால்பந்துச் சங்கம் அக்கொடியை இறக்கச் சொன்னது. செல்டிக் மறுத்தது. அப்போது செல்டிக்குக்குத் துணைநின்றது அதன் தீராப் பகையெனப் பேசப்பட்ட ரேஞ்சர்ஸ் கழகம். பகைவரில்லாமல் பந்தயமில்லை என்ற வணிகக் கணக்கும் அதில் இருந்திருக்கலாம். இருப்பினும், மாற்றான் கொடி இறங்கினால் தன் கொடிக்கும் பொருளில்லை என்ற உண்மையை அச்செயல் காட்டிற்று. கொடி இன்றும் அங்கே பறக்கிறது.

2024 ஆகஸ்டில் கொல்கத்தாவின் ஆர். ஜி. கர் மருத்துவமனையில் ஓர் இளம் பெண் மருத்துவர் கொடுமைக்காளாகிக் கொல்லப்பட்டார். நகரமே கொதித்தது. ஆகஸ்டு 18ஆம் நாள் நடைபெறவிருந்த மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆட்டம் பாதுகாப்பைக் காரணங்காட்டி நீக்கப்பட்டது. ஆட்டமில்லாத அம்மாலையிலும் ரசிகர்கள் சால்ட் லேக் ஆடுகளத்தின் வெளியே திரண்டார்கள். பச்சை அரக்கும், சிவப்புப் பொன்னும், கறுப்பு வெள்ளையும் ஆகிய மூன்று கழகங்களின் வண்ணங்களும் ஒருசேர நின்று அப்பெண்ணுக்கு நீதி கேட்டன. காவலரின் தடியடியையும் சேர்ந்தே ஏற்றன. நூறாண்டுப் போட்டியாளர்கள் அன்று ஓர் அணியாயினர். தம் வண்ணத்தை எவரும் களையவில்லை, வண்ணத்தோடேயே வந்தார்கள். நாட்டின் அடையாளம் எதுவென்று கேட்போர்க்கு நாம் சுட்டிக்காட்ட விரும்புவது அந்த மாலைப்பொழுதைத்தான்.

கொடி நமக்கு நிழல் தரும் பந்தல். பிறரை நிறுக்கும் தராசன்று. மாணவச் செல்வங்களே! உங்கள் கழகத்தை நேசியுங்கள். உங்கள் மொழியையும் சமுதாயத்தையும் நாட்டையும் நேசியுங்கள். உங்கள் பற்றை எவரேனும் ஐயுற்றால், அகமது கான் ஆடியதைப்போல் ஆடியும், ரஹீம் கற்பித்ததைப்போல் கற்பித்தும் விடை சொல்லுங்கள். அயலான் பற்றை எவரேனும் ஐயுற்றால், அவனுக்காக முதலில் எழுந்து நில்லுங்கள். பாரி தேரை ஈந்தபோது முல்லையிடம் எந்த ஊர்க்கொடி என்று கேட்கவில்லை.